யார் கையில் அளவுகோல்?

“இதுவும் இசையா?”

வேற்று நாட்டுப் பாட்டொன்றை முதன்முறையாகக் கேட்கிறபோது பலருடைய நெஞ்சிலே எழுகின்ற கேள்வி இது. வாய்விட்டுக் கேட்பவர் சிலர். வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்பவர் பலர். சுருதி சேரவில்லை என்பார் ஒருவர். தாளம் தடுமாறுகிறது என்பார் மற்றொருவர். வெறுங்கூச்சல் என்று கூறிக் காதைப் பொத்திக்கொள்வார் மூன்றாமவர்.

கேட்டவர் கெட்டவரல்லர். கேள்வி கேட்பதிலே கேடும் இல்லை. ஆனால், கேள்வி வாயைவிட்டு வெளிவருமுன்பே விடை உள்ளத்திலே உட்கார்ந்துவிடுகிறதே, அங்கேதான் கேடு குடியிருக்கிறது!

ஆப்பிரிக்காவுக்குச் சென்ற ஐரோப்பியப் பயணிகள் பலர், அங்கே முழங்கிய முழவொலியைக் கேட்டு, அது பண்பாடற்றோரின் ஆரவாரம் என்ற கருத்தோடு ஏடுகளிலே எழுதினர். நம்மவரோ, மேனாட்டு ஆப்பெராவிலே ஒரு மாது தன் குரலை உச்சிக்கு ஏற்றிப் பாடுவதைக் கேட்டு, ‘ஏன் இந்த அலறல்?’ என்று நகைத்தனர். அந்த ஏளனமும் இந்த நகைப்பும் முளைத்த நிலம் வேறு, வேர் ஒன்றுதான். என் செவிக்குப் பழகியது இயற்கை, பழகாதது பிழை என்னும் எண்ணமே அந்த வேர். செவிக்குப் பழக்கம் உண்டு. பழக்கத்துக்கு ஆணவமும் உண்டு.

ஆயினும், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிடலாகாது. நாம் நகைத்ததால் மேனாட்டு இசைக்கு மயிரிழையளவு குறைவும் வந்துவிடவில்லை. ஆள வந்தவனுடைய ஏளனமோ ஏளனமாகவே நின்றுவிடுவதில்லை. அது பள்ளிக்கூடமாகிறது, பாடநூலாகிறது, சட்டமும் ஆகிறது. ஆப்பிரிக்காவில் மதபோதகர் நடத்திய பள்ளிகள் பலவற்றிலே முழவுக்கு இடமில்லை என்று கதவடைக்கப்பட்டது அப்படித்தான். வலிமையுள்ளவன் கையிலிருக்கும் அளவுகோல், அளப்பதோடு நிற்பதில்லை, அடிக்கவும் செய்கிறது!

எனவேதான் கேட்கிறோம்: ஒரு மக்களின் இசையை மற்றொரு மக்கள் எழுதுவது எப்படி? அளந்து ஒப்பிடுவது எப்படி? அதிலே நீதி எது, அநீதி எது?

இது இசைவாணர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். அளப்பவன் ஒருவன், அளக்கப்படுபவன் ஒருவன் என்று இருவர் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கேள்வி உண்டு. இசை, அதைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடி. அவ்வளவே.

*

பாட்டு, காற்றிலே பிறந்து காற்றிலே கரைவது. இரண்டு துணிகளை அருகருகே விரித்துவைத்து, இழை எது, நிறம் எது என்று பார்ப்பது போல, இரண்டு பாட்டுகளை அருகருகே விரித்துவைக்க இயலாது. ஒலிப்பதிவுக் கருவி வந்தபின்னும், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாமேயன்றி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடியாது. ஆகவே, ஒப்பிட விரும்புவோர் பாட்டைத் தாளிலே ஏற்றியாக வேண்டும்.

எந்த எழுத்தால் ஏற்றுவது?

ஐரோப்பியர் தம்மிடமிருந்த எழுத்தை எடுத்தனர். ஐந்து கோடுகள் இழுத்து, கோடுகளின் மீதும் இடையிலும் புள்ளிகள் இட்டு எழுதும் முறை அது. வானத்திலிருந்து வந்த முறையன்று. பதினோராம் நூற்றாண்டிலே, இத்தாலியில் வாழ்ந்த கைதோ என்னும் துறவி, தேவாலயத்துச் சிறுவர்கள் தாம் கேட்டறியாத பாடல்களையும் பார்த்த அளவிலே பாடக் கற்கவேண்டும் என்பதற்காக, கோடுகளின்மீது சுரங்களை எழுதும் முறையைச் செம்மை செய்தார். பின்னர், தலைமுறை தலைமுறையாகத் திருந்தி, பெருகி, பெரிய இசைக்குழுக்களையே நடத்தும் ஆற்றல் பெற்றது அம்முறை. தன் வீட்டுத் தேவைக்கு அவர்கள் செய்துகொண்ட கருவி. அந்த வீட்டிலே அது அருமையாக வேலை செய்தது. மறுப்பார் யார்?

தொல்லை தொடங்கியது, அந்த வீட்டுக் கருவியை உலகத்துக்கே உரைகல்லாக்கியபோதுதான். பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சுரம் ஒலித்தால், அந்த எழுத்திலே அதற்கு வீடு இல்லை. எழுதுகிறவர் என்ன செய்வார்? அருகிலிருக்கும் கட்டையின் பெயரை அதற்குச் சூட்டுவார். அல்லது, பாடியவனுக்குச் சுருதி போதாது என்று ஓரத்திலே குறிப்பெழுதுவார். முதலாவது, சுரத்தைத் திருத்தும் குற்றம். இரண்டாவது, பாடியவனையே பழிக்கும் குற்றம். செருப்புக்காகக் காலை வெட்டுவதென்பது இதுதான்!

*

இந்தக் குற்றத்தை முதலில் எண்ணால் எடுத்துக்காட்டியவர்களுள் ஓர் ஆங்கிலேயரும் உண்டு என்பதை மகிழ்ச்சியோடு சொல்லவேண்டும். அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் என்பது அவர் பெயர். தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் எடுத்துக்காட்டிய சென்னை எல்லிஸ் வேறு, இவர் வேறு. 1814இல் பிறந்து 1890இல் மறைந்தவர் இவர். ஒலியியலில் வல்லவர். ஆங்கிலத்தின் எழுத்துமுறை சீர்திருந்த வேண்டும் என்று பாடுபட்டவர். சுருதி நுட்பத்தை அறிய, ஹிப்கின்ஸ் என்னும் வல்லுநரின் செவியைத் துணையாகக் கொண்டார். செவியை மட்டுமே நம்பாமல், இசைக்கவைகளைக் கொண்டு அளந்தும் பார்த்தார்.

ஒரு ‘ச’வுக்கும் அதற்கு மேலுள்ள ‘ச’வுக்கும் இடையே இருப்பதை ஸ்தாயி என்கிறோம். மேல் ‘ச’, கீழ் ‘ச’வைப்போல் இருமடங்கு அதிர்வுடையது. அந்த இடைவெளியை 1200 சிறு கூறுகளாக வகுத்தார் எல்லிஸ். சென்ட் என்று ஒவ்வொரு கூற்றுக்கும் பெயரிட்டார். பியானோவின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட். இந்த நுண்ணிய கோலைக் கையிலே ஏந்தி, பல நாட்டுக் கருவிகளையும் அளக்கத் தொடங்கினார்.

கண்டதென்ன? சயாம் நாட்டார் தம் ஸ்தாயியை ஏறத்தாழச் சமமான ஏழு பங்காக வகுக்கின்றனர் என்று கண்டார். 1200ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள். ஒரு படிக்கு ஏறத்தாழ 171 சென்ட். பியானோவிலே 100க்கு ஒரு கட்டை, 200க்கு ஒரு கட்டை. 171க்கு? கட்டையே இல்லை! சாவகத் தீவின் கமெலான் இசையிலே ஒருவகை, ஸ்தாயியை ஏறத்தாழச் சமமான ஐந்து பங்காக வகுத்தது. ஒரு படிக்கு 240. அதற்கும் அங்கே கட்டை இல்லை. சயாமியனுக்குச் சுருதி தெரியாது என்று சொன்னவன் பியானோவைக் கேட்டுச் சொன்னானேயன்றிச் சயாமியனைக் கேட்டுச் சொல்லவில்லை. பிழை பாட்டிலே இல்லை, படிக்கல்லிலே இருந்தது.

1885ஆம் ஆண்டு, பல நாட்டாரின் சுரவரிசைகள் பற்றி எல்லிஸ் தம் ஆராய்ச்சியை இலண்டனிலே வெளியிட்டார். அவர் கண்ட முடிவு அந்நாளிலே பலரைத் திடுக்கிட வைத்திருக்கும். சுரவரிசை என்பது உலகுக்கெல்லாம் ஒன்றன்று. இயற்கை வகுத்த ஒரே விதியிலிருந்து இறங்கி வந்ததுமன்று. அது பலவகைப்பட்டது, மனிதர் ஆக்கிக்கொண்டது என்பதே அம்முடிவு.

மனிதர் ஆக்கிக்கொண்டது! இந்தச் சொல்லின் ஆற்றலை எண்ணிப் பாருங்கள். இயற்கை தந்தது என்றால் வாய்மூடி வணங்கவேண்டும். மனிதர் ஆக்கியது என்றால், ‘எந்த மனிதர்? எதற்காக? வேறுவிதமாகவும் ஆக்கலாமா?’ என்று கேட்கலாம். இயற்கை என்று பெயர் சூட்டிப் பழக்கத்தை அரியணையில் அமர்த்துவது, இசையில் மட்டும் நடக்கும் ஏமாற்று அன்று. எல்லிஸின் இசைக்கவை, அந்த அரியணையின் ஒரு காலைத் தட்டிப் பார்த்தது. உள்ளே வெறும் பொள்ளல்!

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த 1200இலும் பியானோவின் நிழல் விழுந்துதான் இருக்கிறது. பன்னிரு கட்டைகள், கட்டைக்கு நூறு என்பதுதானே அதன் கணக்கு? ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பழைய கோல், தான் கோல் என்பதையே மறைத்து, ‘நானே இசை’ என்றது. எல்லிஸின் கோலோ, ‘நான் கோல், என் கணக்கு இது, வேண்டுமானால் மாற்றிக்கொள்’ என்றது. நேர்மையின் தொடக்கம் அதுதான்.

*

அளந்து ஒப்பிட்டதால் உண்டான நன்மை என்ன என்று கேட்போருக்கு, ஹங்கேரி நாட்டு இசைவாணர் பேலா பார்த்தோக்கின் வாழ்க்கை விடை கூறும்.

பார்த்தோக் 1881இல் பிறந்தவர். தம் நண்பர் கோதாயுடன் சேர்ந்து, நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிப் புறப்பட்டார். போனோகிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிற்றூர் சிற்றூராகச் சென்றார். உழவர் பாடக் கேட்டு, மெழுகு உருளையிலே பதிந்து, பின்னர் சுரம் சுரமாகத் தாளிலே எழுதினார். ஹங்கேரியர் பாட்டோடு நிறுத்தவில்லை. ஸ்லொவாக்கியர் பாட்டையும் ருமேனியர் பாட்டையும் அதே அக்கறையோடு எழுதினார். 1913இல் அல்ஜீரியாவுக்குப் போய் அரபு மக்களின் பாட்டைப் பதிந்தார். 1936இல் துருக்கிக்குப் போனார். தாம் எழுதியதே முடிந்த முடிவு என்ற இறுமாப்பும் அவருக்கு இல்லை. 1934 முதல், புடாபெஸ்ட் நகரின் அறிவியல் கழகத்திலே அமர்ந்து, முன்பு எழுதியவற்றை மீண்டும் கேட்டு மீண்டும் திருத்தி எழுதினார்.

இதனால் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 1920இல், ருமேனியர் இசையைப் பற்றி அவர் எழுதியதற்காக, நாட்டுப்பற்று அற்றவர் என்று அவர்மீது சொந்த நாட்டு ஏடுகளிலே கணை தொடுத்தனர்! பகைநாட்டான் பாட்டிலே நயம் காண்பதா என்பது அவர்கள் சீற்றம். பாட்டின் மீதும் எல்லைக்கோடு கிழிக்க விரும்பியவர்கள் அவர்கள்.

எழுதி அடுக்கிய பாடல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, பார்த்தோக் கண்டது வேறு. ஒரு மக்களின் மெட்டு அண்டை மக்களிடம் போயிற்று, அங்கே உருமாறிற்று, மாறிய உருவோடு திரும்பி வந்தது. கலந்ததால் கெடவில்லை, கலந்ததால் கொழித்தது. இனத்தூய்மை என்னும் வெறி ஐரோப்பாவை எரித்துக்கொண்டிருந்த 1942ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்திருந்த அவர், இசையிலே இனத்தூய்மை என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை தீட்டினார். தூய்மையல்ல, கலப்பே நாட்டுப்பாடலை வளப்படுத்தியது என்பது அதன் சாரம்.

அவர் அதை ஆசையால் சொல்லவில்லை, ஆதாரத்தால் சொன்னார். எழுதி ஒப்பிட்டிராவிட்டால் அந்த ஆதாரம் ஏது? ஒப்பிடுதலே ஆணவம் என்று கூறுவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒப்பிடுதல் தரவரிசைக்கும் உதவும். தரவரிசையைத் தகர்க்கவும் உதவும். கத்தியின்மேல் குற்றமில்லை, பிடித்த கையைப் பாருங்கள்!

*

அப்படியானால் கோலை இன்னும் நுண்ணியதாக்கிக்கொண்டே போனால் நீதி கிடைத்துவிடுமா?

1963ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மக்களிசை ஆராய்ச்சியாளர் கூடிய மாநாட்டிலே ஒரு சோதனை வைக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் ஹுக்வே மக்களுள் ஒருவர், வில் போன்ற நரம்புக்கருவியை இசைத்துக்கொண்டே பாடிய பாட்டு ஒன்று. அந்த ஒரே ஒலிப்பதிவை, கார்ஃபியாஸ், கொலின்ஸ்கி, லிஸ்ட், ரோட்ஸ் என்னும் நான்கு வல்லுநர்கள் தனித்தனியே எழுதினார்கள். நால்வரும் தேர்ந்த செவியினர், நேர்மையானவர். 1964இல் நான்கும் அச்சேறின. அருகருகே வைத்துப் பார்த்தால், நான்கும் ஒன்றாக இல்லை! ஒருவர் முதன்மையெனக் கொண்டதை இன்னொருவர் சிறியதாகக் கொண்டார். தாளத்தை ஒருவர் பகுத்த இடத்தில் மற்றவர் பகுக்கவில்லை.

ஏமாற்றினார்களா? இல்லை. எழுதுவது என்பதே தேர்ந்தெடுப்பது. எதைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவு செய்யாமல் எவரும் எழுத முடியாது.

‘மனிதன் வேண்டாம், பொறி எழுதட்டும்’ என்றும் சொல்லிப் பார்த்தனர். சார்லஸ் சீகர் என்னும் அமெரிக்க அறிஞர், குரலின் ஏற்ற இறக்கத்தைத் தானே கோடாக வரைந்து தரும் பொறியை உருவாக்கப் பாடுபட்டார். இப்படிப் பாடு என்று சொல்லும் எழுத்து வேறு, இப்படிப் பாடப்பட்டது என்று காட்டும் எழுத்து வேறு என்று 1958இல் அவர் தெளிவுபடுத்தினார். முன்னதைப் பின்னதாக மயங்குவதால்தான் குழப்பம் என்றார். இன்று கணிப்பொறி அந்த வேலையை நொடியிலே செய்கிறது. குரலின் ஒவ்வொரு நடுக்கமும் கோட்டிலே விழுகிறது.

ஆனால், எல்லாவற்றையும் காட்டுவதும் ஒன்றையும் சொல்லாததும் சில நேரங்களிலே ஒன்றுதான். எப்படி என்கிறீர்களா? நம் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம்.

‘கல்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘தங்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் ஒரே ஒலியா? இல்லை. பொறியின் முன்னே சொன்னால் மூன்று ஒலிகள் என்று வரைந்து காட்டும். கூர்மையான செவியுடைய அயல்நாட்டான் மூன்று எழுத்துகளை இட்டு எழுதுவான். அவன் எழுதியது பொய்யன்று. ஆனால், தமிழன் உள்ளத்திலே அது ஒரே எழுத்து என்னும் உண்மை அவன் ஏட்டிலே இல்லை.

இனி, ‘கலை’ என்று சொல்லுங்கள். ‘களை’ என்று சொல்லுங்கள். ‘கழை’ என்று சொல்லுங்கள். அதே அயல்நாட்டான், மூன்றையும் ஒன்றாகவே எழுதிவிடக்கூடும். நமக்கோ ஒன்று கவின், ஒன்று பயிரைக் கெடுப்பது, ஒன்று மூங்கில்!

ஒன்றை மூன்றாக்கினான், மூன்றை ஒன்றாக்கினான். செவியின் கூர்மைக் குறைவால் மட்டும் வந்த தவறு அன்று இது. எது ஒன்று, எது வேறு என்பதைப் பேசுகிறவனிடம் கேளாத தவறு. பாட்டிலும் அப்படியே. பாடுகிறவன் ஒரே சுரம் என்று கருதுவது எது, வேறு சுரம் என்று கருதுவது எது, வேண்டுமென்று அசைத்த அசைவு எது, மூச்சு முட்டியதால் வந்த நடுக்கம் எது? எந்தப் பொறியும் இதைச் சொல்லாது. பாடியவனைக் கேட்கவேண்டும்!

*

கேட்கத் தொடங்கியவர்களும் உண்டு. ஏ. எம். ஜோன்ஸ் என்னும் பாதிரியார், இன்று சாம்பியா என்று வழங்கும் நாட்டிலே நெடுங்காலம் பணியாற்றியவர். முழவின் அடிகளை எழுதச் செவி ஒன்றே போதாதென்று ஒரு பொறி செய்தார். உலோகக் கோலால் தட்டத் தட்ட, ஓடும் தாளிலே அடிகள் குறிகளாக விழும். கானா நாட்டின் ஈவே மக்களைச் சேர்ந்த முழவு வல்லுநர் டெஸ்மண்ட் டே, அந்தப் பொறியிலே தட்டிக் காட்டினார். 1959இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது ஜோன்ஸின் நூல். பண்பாடற்றோரின் ஆரவாரம் என்று முன்பு எழுதப்பட்டதற்குள்ளே, எத்துணைக் கணக்கு, எத்துணை ஒழுங்கு என்று தாளிலே கண்ட உலகம் வியந்தது.

வியப்போடு கதை முடிந்ததா? இல்லை. ஜோன்ஸ், ஒவ்வொரு முழவுக்கும் தனித்தனியே தாளக்கோடு இட்டு எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் தன் வழியே ஒரு தாளத்தில் ஓடுவதுபோல் தோன்றிற்று அது. பின்னாளிலே, அதே ஈவே மக்களிடையே தோன்றிய பேராசிரியர் கோபி அகாவு, 1995இலும் 2003இலும் வெளியிட்ட நூல்களிலே இந்தப் போக்கைக் கடுமையாக மறுத்தார். ‘ஆடுகிறவர்களின் காலடியைப் பாருங்கள், எல்லா முழவும் கூடும் பொதுத் தாளம் அங்கே இருக்கிறதே! எங்களை எங்களிலிருந்தே வேறானவர்களாக எழுதிவிட்டீர்களே!’ என்னும் பொருள்பட வாதாடினார். இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆப்பிரிக்கத் தாளத்தைப் பழைய மேனாட்டுக் குறிமுறையிலேயே எழுதலாம், புதுமையென்று விந்தைக் குறிகள் தேடவேண்டியதில்லை என்றும் கூறினார்.

இங்கே சற்று நின்று எண்ணவேண்டும். முதலில் வந்தவன், ‘நீ என்னைப் போல் இல்லை, ஆகவே நீ தாழ்ந்தவன்’ என்றான். அவனை மறுத்து வந்தவன், ‘நீ என்னைப் போல் இல்லை, ஆகவே நீ விந்தையானவன்’ என்றான். பழிப்பு புகழ்ச்சியாயிற்று, ஆனால், ‘என்னைப் போல் இல்லை’ என்பது அப்படியே நின்றது! வேற்றுமையை அழித்து எழுதுவது ஓர் அநீதி. வேற்றுமையைப் பெருக்கி எழுதுவது இன்னோர் அநீதி. இரண்டையும் கண்டறிந்து கூறும் உரிமை, அளக்கப்பட்டவன் வாய் திறந்தபோதுதான் வந்தது. அளக்கப்பட்டவன் அளப்பவனாகவும் ஆகும் நாளே நீதி பிறக்கும் நாள்.

*

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஒரு கூட்டம் குதூகலிக்கக்கூடும். ‘பார்த்தீர்களா? அதனால்தான் சொல்கிறோம், எங்கள் இசையை எழுதவே முடியாது! அது அனுபவித்து உணர வேண்டியது. அளவைக்கு அப்பாற்பட்டது’ என்பார்கள். ஆளவந்தவனின் ஆணவம் ஒரு மூடநம்பிக்கை என்றால், இது அதற்கு இளைய மூடநம்பிக்கை. அளக்க முடியாது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், பிறகு அதைப் பற்றி ஒரு சிலர் சொல்வதே வேதமாகிவிடும். கேள்வி கேட்பவன் ‘உணராதவன்’ ஆகிவிடுவான்.

நம் நாட்டிலேயே இதற்கு மறுப்பு உண்டு. சென்னையில் சின்னசாமி முதலியார் என்பார், கருநாடக இசைப்பாடல்களை ஐந்து கோட்டு மேனாட்டுக் குறிமுறையிலே எழுதி 1893இல் வெளியிட்டார். சுரத்தின் அசைவுகளைக் குறிப்பது அவருக்கு எளிதாக இல்லை. முடியாது என்று அவர் மூட்டை கட்டிவிடவும் இல்லை. அவருடைய தூண்டுதலும் சேர, எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் தெலுங்கு எழுத்திலே வெளியிட்ட பெருநூலில், கமகங்களுக்கென்று தனித்தனிக் குறிகள் இடம்பெற்றன. அயலார் எழுத்தோடு உரசியதிலே, நம் எழுத்திலும் ஒரு பொறி பறந்தது. குறை கண்டால் குறியைத் திருத்து. எழுதுவதையே கைவிடாதே என்பதுதான் அதன் பாடம்.

ஆனால், தோழர்களே, கோல் எப்போதும் அயலான் கையிலேதான் இருக்கிறது என்று எண்ணி ஆறுதல் அடைந்துவிட வேண்டாம். நம் கையிலும் ஒரு கோல் உண்டு!

நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்ட நம் இளைஞர் ஊர் ஊராகச் செல்கின்றனர். நல்ல பணி. சிற்றூரிலே ஒரு தாய், இறந்தவரை எண்ணி ஒப்பாரி வைக்கிறாள். அதைப் பதிந்துவந்து ச, ரி, க, ம என்று எழுதுகின்றனர். அழுகைக்கும் பாட்டுக்கும் நடுவே நிற்கும் அந்தக் குரலிலே, விம்மல் எங்கே விழுகிறது? ச, ரி, க, மவிலே அதற்கு வீடு இல்லை. சொல் உடைந்து நிற்கும் இடம் எங்கே? தாளிலே இல்லை. எழுதிய பிறகு, ‘இதிலே மூன்று நான்கு சுரங்கள்தாம் உள்ளன, எளிய இசை’ என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. பறையின் அடியை எழுதப் புகுந்தால், மேடையில் கேட்ட மிருதங்கச் சொற்களைக் கடன் வாங்கிப் போர்த்திவிட்டு, பறைக்கென்று அதை அடிப்பவர் வாயிலே வழங்கும் சொற்கட்டைக் கேளாமலே வந்துவிடுகின்றனர். ஏன் கேட்கவில்லை? கேட்கத்தக்கவர் அவர் என்னும் எண்ணமே எழாததால்! சயாமியனைக் கேளாமல் பியானோவைக் கேட்டவனுக்கும் நமக்கும் இங்கே வேறுபாடு என்ன?

எழுதப்பட்டது நிலைக்கிறது, எழுதப்படாதது எளியதென்று தள்ளப்படுகிறது. தவறாக எழுதப்பட்டதோ, தவறான உருவிலேயே தலைமுறைகளுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே, எழுதுகோலை எடுப்பவன் நீதிபதியின் இருக்கையிலே அமர்கிறான். நீதிபதிக்குச் சட்டம் வேண்டும்.

நாம் கூறவிரும்பும் சட்டம் எளியது. முதலாவது, கையிலிருப்பது கோல் என்று சொல்லிவிடு. அதை இயற்கை என்று ஏமாற்றாதே. இரண்டாவது, எதை எழுதினாய் என்பதோடு எதை எழுதாமல் விட்டாய் என்பதையும் எழுது. மூன்றாவது, பாடியவரைக் கேள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டு. அவர் ‘இல்லை’ என்றால், உன் பட்டத்தைக் காட்டி வாயை அடைக்காதே. நான்காவது, பிறர் பாட்டை அளந்த கோலால் உன் பாட்டையும் அள. பிறர் கோலைக் கொண்டும் உன் பாட்டை அளந்து பார். அப்போது தெரியும், உன் செவியும் பழகிய செவிதான் என்பது.

ஒப்பிடு, உயர்வு தாழ்வு கற்பிக்காதே. அள, ஆளாதே. இசைக்கு மட்டுமா இந்தச் சட்டம்? மொழியை அளப்போர், அறிவை அளப்போர், உழைப்பை அளப்போர், மனிதரையே அளப்போர் எல்லோரும் ஏட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியது இது.

நாளை ஒரு சிற்றூரிலே, ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் இளைஞர் சென்று, பறை அடிக்கும் முதியவரின் அருகே அமரக்கூடும். அடிகளைத் தாளிலே எழுதியபின், “ஐயா, எழுதியது சரியா, சொல்லுங்கள்” என்று அவர் கேட்கட்டும். முதியவர் ஒருமுறை தலையசைத்து மறுக்கட்டும். எழுதியதை அழித்துவிட்டு இளைஞர் மீண்டும் கேட்கட்டும். அங்கே அழிவது சில குறிகள் மட்டுமல்ல. நெடுங்காலத்து ஆணவத்திலே ஒரு வரியும் அழியும்.